1911 கைத்துப்பாக்கி: அறிகுறியைப் பார்த்துத் தளர்ந்த ஸ்பிரிங்கைக் கண்டுபிடிப்பது

ஒஹையோவில் எங்கள் கிளப்பில் நடந்த ஒரு புல்ஸ்ஐ போட்டி, கைத்துப்பாக்கியால் வட்ட இலக்கைச் சுடுவது. ரேபிட் ஃபயர் சுற்று, பத்து நொடிக்குள் ஐந்து குண்டு சுட வேண்டும். மூன்றாவது குண்டோடு என் துப்பாக்கி நின்றுவிட்டது. ட்ரிக்கரை இழுத்தால் பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமர் விழவில்லை. பார்த்தால் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் போய்த் திரும்பும் மேல் பாகம்) முழுதாக மூடாமல் ஒரு நகக்கண் அளவு பின்னாலேயே நிற்கிறது. கையை உயர்த்தி அலிபி, அதாவது கோளாறுக்காக மறுபடி சுடும் வாய்ப்பு, கேட்டேன். மறுபடி சுட்டபோதும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றது.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் பெட்டியிலிருந்து பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்றை எடுத்து, அதற்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு ரிகாயில் ஸ்பிரிங்கை (ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது) நீட்டினார். மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைய மீதிப் போட்டி முழுக்க ஒரு தடங்கலும் இல்லை. என்னுடையதை அவர் கொடுத்ததன் பக்கத்தில் வைத்தால் முக்கால் அங்குலம் குட்டையாக இருந்தது.

எனக்கு வருத்தமாக இருந்தது ஸ்பிரிங் தளர்ந்ததற்காக அல்ல, அது தளரத்தான் செய்யும். அதற்கு முந்தைய ஆறு வாரமாக நான் தோட்டா பிராண்டை மாற்றினேன், தோட்டா ஏறிப் பேரலுக்குள் போகும் சரிவான ஃபீட் ராம்ப்பைத் தேய்த்து மெருகேற்றினேன், கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை வளைத்துப் பார்த்தேன். வீட்டில் புது ஸ்பிரிங் ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மாற்று ஸ்பிரிங் என்பது பழையது போனபின் போடுவதற்கு மட்டும் இல்லை. பழையது போய்விட்டதா என்று அளந்து பார்க்கும் அளவுகோலும் அதுதான். இங்கே எழுதுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

ஐந்து அங்குல பேரல், .45 ஏசிபி தோட்டா, முழு அளவு 1911. நான் சுடுவது அதைத்தான், எனவே அதை வைத்தே சொல்கிறேன். மற்றத் துப்பாக்கிகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

கை வைப்பதற்கு முன்

மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை இழுத்துத் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம் கண்ணாடி. 1911-இல் ரிகாயில் ஸ்பிரிங்கை அடைத்திருக்கும் பிளக் கட்டைவிரலிலிருந்து நழுவினால் நேராக முகத்துக்குத்தான் பாயும். கூரையில் பட்டுத் தெறித்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போடாமல் புஷ்ஷிங்கை, அதாவது பேரல் முனையைச் சுற்றியிருக்கும் வளையத்தை, திருப்பாதீர்கள்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் துப்பாக்கி சரியாகலாம், ஆனால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. அடுத்த முறையும் இருட்டில்தான் தேடுவீர்கள்.

சரியான அளவு எது

ஐந்து அங்குல .45-க்கு ரிகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு, ஹேமரைத் தள்ளும் மெயின்ஸ்பிரிங் 23 பவுண்டு. நாலேகால் அங்குலக் கமாண்டர் அளவுக்கு ரிகாயில் 18 பவுண்டு, மூன்றரை அங்குல ஆபிசர்ஸ் அளவுக்கு 22 அல்லது அதற்கும் மேல். ஒன்பது மில்லிமீட்டர் 1911-க்கு 12 முதல் 14 வரை போடுகிறார்கள். புல்ஸ்ஐ ஆட்டக்காரர்கள் 185 அல்லது 200 கிரெய்ன் குண்டை மெதுவான லோடில் (மருந்து குறைவான தோட்டாவில்) சுடுவதால், .45-லேயே 12, 14 என்று இறங்கிவிடுவார்கள்.

இந்தப் பவுண்டு எண் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய் நிற்கும்போது ஸ்பிரிங் தாங்கும் விசை. மூடியிருக்கும்போது இருப்பது அதைவிட மிகக் குறைவு. ஸ்பிரிங் தளரும்போது முதலில் அடிபடுவதும் அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம்தான். அதனால்தான் ஸ்லைடை இழுத்துப் பார்க்கையில் 'நல்லாத்தானே இருக்கு' என்று கைக்குத் தோன்றும், மூடும் இடத்தில் மட்டும் திணறும்.

சின்ன துப்பாக்கியின் ஸ்பிரிங் ஏன் சீக்கிரம் போகிறது என்று கேட்பார்கள். அதே ஸ்லைடு வேகத்தைக் குறைந்த இடத்துக்குள் நிறுத்த வேண்டியிருக்கிறது. கம்பி ஒவ்வொரு முறையும் தன் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய்த் திரும்புகிறது. முழு அளவு 1911-இல் நான் 2,000 தோட்டாவுக்கு ஒரு முறை ரிகாயில் ஸ்பிரிங்கை மாற்றுகிறேன். குட்டைத் துப்பாக்கி என்றால் ஆயிரத்துக்குள்ளேயே மாற்றிவிடுவேன். மொத்தம் 2700 புள்ளிக்கான ஒரு புல்ஸ்ஐ போட்டியில் சென்டர்ஃபயர் பகுதியையும் .45 பகுதியையும் ஒரே துப்பாக்கியால் சுட்டால் 180 தோட்டா. மாதம் ஒரு போட்டி, வாரம் ஒரு பயிற்சி என்று இருப்பவருக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று ஸ்பிரிங் தேவைப்படும். ஒன்றின் விலை பத்து டாலர் அளவில்தான்.

அறிகுறி: ஸ்லைடு முழுதாக மூடாமல் நிற்கிறது

முதலில் கட்டைவிரலால் தள்ளி மூடும் பழக்கத்தை விடுங்கள். முந்தைய குண்டு வழக்கத்தைவிட மெல்லிய சத்தத்தோடு போயிருந்தால் அது பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைத் தள்ளிச் சுட்டால் பேரல் பிளக்கும், கையும் போகும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் நிறுத்தி, தோட்டாக்களை இறக்கி, பேரலுக்குள் பாருங்கள்.

சத்தம் சரியாக இருந்தது, இருந்தும் மூடவில்லை என்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும்.

சேம்பர் அழுக்கு: பேரலைக் கழற்றி, அதே பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைச் சேம்பருக்குள் போடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் சேம்பரில் ஈயமோ கரியோ படிந்திருக்கிறது, இல்லையென்றால் தோட்டாவில் கோளாறு. நீங்களே தோட்டா ரீலோடு செய்பவர் என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எக்ஸ்ட்ராக்டர் இறுக்கம்: 1911-இன் எக்ஸ்ட்ராக்டருக்குத் தனி ஸ்பிரிங் கிடையாது, அந்த நீளமான எஃகுத் துண்டே ஸ்பிரிங். கழற்றிய ஸ்லைடில் மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டா ஒன்றை அதன் கொக்கிக்குள் செருகி ஸ்லைடை மெல்ல ஆட்டுங்கள். தோட்டா விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். செருகும்போது விரல் வலிக்கும் அளவு அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம், தோட்டாவின் அடி ஏற முடியாமல் ஸ்லைடு நின்றுவிடும்.

இவை இரண்டும் சரி என்றால் ரிகாயில் ஸ்பிரிங். பழையதையும் புதியதையும் மேசையில் படுக்க வைத்து ஒப்பிடுங்கள். அரை அங்குலம் குறைந்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். புது ஸ்பிரிங்கும் முதல் ஓரிரு பெட்டி சுட்டதும் கொஞ்சம் குறுகி உட்காரும், அது இயல்பு. நான் முதல் நூறு தோட்டா சுட்டபின் எடுத்து அளந்து, அந்த நீளத்தையே குறித்து வைக்கிறேன்.

நீளம் மட்டும் பார்த்து முடிவு செய்ய மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. ஒன்றரை அடி மரக்குச்சி ஒன்றில் பழையதையும் புதியதையும் வரிசையாகக் கோத்து, நடுவில் ஒரு வாஷரைப் போட்டு, இரு பக்கமும் அழுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே விசைதான் போகிறது. எது அதிகம் குறுகி நிற்கிறதோ அது தளர்ந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஆனால் புதியது ஒன்று கையில் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

அறிகுறி: காலிக் கூடுகள் வெகுதூரம் போய் விழுகின்றன

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இது. துப்பாக்கி நிற்காது, தடங்கல் வராது. ஆனால் முன்பு ஆறேழு அடியில் விழுந்த கூடு இப்போது பதினைந்து அடி தாண்டிப் பக்கத்துக் காரருடைய மேசையில் போய் விழும். கையில் உதைப்பும் கூர்மையாகத் தெரியும். ஸ்பிரிங் வேகத்தை வாங்கிக்கொள்ளாததால் ஸ்லைடு முழு வேகத்தில் ஃபிரேமில் மோதுகிறது.

இப்படியே ஆயிரக்கணக்கில் சுட்டால் அடி விழுவது ஃபிரேமுக்கு. பத்து டாலர் ஸ்பிரிங்குக்காக ஆயிரம் டாலர் ஃபிரேமைப் பலி கொடுப்பது என்னால் தாங்க முடியாத விஷயம். தோட்டா வகையை மாற்றாமலேயே கூடு விழும் இடம் மாறினால் அன்றைக்கே ஸ்பிரிங்கை எடுத்துப் பாருங்கள்.

இதற்கு எதிர் நிலையும் உண்டு. கூடுகள் காலடியிலேயே பொத்துப் பொத்தென்று விழுகின்றன, இல்லையென்றால் ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டிக்கொள்கின்றன. லோடுக்கு ஸ்பிரிங் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். மெதுவான லோடைப் போட்டுக்கொண்டு 16 பவுண்டை அப்படியே விட்டிருப்பவர்களுக்கு இது வரும். இரண்டு பவுண்டு இறக்கிப் பாருங்கள்.

அறிகுறி: அடுத்த தோட்டா மூக்குக் குப்புற மாட்டுகிறது, கடைசித் தோட்டா முடிந்தும் ஸ்லைடு பின்னால் நிற்பதில்லை

இது மேகசின் ஸ்பிரிங். துப்பாக்கியைத் தொடவே வேண்டாம்.

ஆனால் எந்த மேகசின் என்று தெரிய வேண்டுமே. உங்கள் மேகசின்கள் எல்லாவற்றின் அடியிலும் பெயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். தடங்கல் வரும்போதெல்லாம் எண்ணைக் குறியுங்கள். இரண்டு வாரத்தில் குற்றவாளி தானாகத் தெரிந்துவிடும். எண் போடாத காலத்தில் நான் ஒரே கெட்ட மேகசினைப் பெட்டிக்குள் மற்றவற்றோடு கலந்து ஒரு வருடம் சுமந்தேன்.

எட்டுத் தோட்டா மேகசின்களில் இது அதிகம். ஏழு தோட்டாவுக்கான குழாய் நீளத்திலேயே எட்டைத் திணிப்பதற்காக ஸ்பிரிங்கின் இடத்தைச் சுருக்கியிருப்பார்கள். எனக்குப் போட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்துதான் தேவை என்பதால் ஏழு தோட்டா மேகசினோடு நிம்மதியாக இருக்கிறேன். மேகசினை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் போய்விடுமா என்ற கேள்வி எப்போதும் வரும். நல்ல ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது பெரிதாகக் கெடுப்பதில்லை, திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான் அதைத் தளர்த்துகிறது. கம்பியின் எல்லையைத் தாண்டித் திணித்த எட்டுத் தோட்டா வகைகளில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்லைடு மூடவில்லை என்று 16-ஐ எடுத்துவிட்டு 18, 20 என்று ரிகாயில் ஸ்பிரிங்கைக் கனமாக்குவார்கள். ஸ்லைடு இப்போது வேகமாக முன்னால் வரும். மேகசின் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தூக்குவதற்குள் ஸ்லைடு கடந்துவிடும், இல்லையென்றால் தோட்டாவின் நடு உடம்பில் இடிக்கும். இரண்டும் ஒரு ஜோடி, ஒன்று வேகத்தைக் கூட்டினால் மற்றது ஈடுகொடுக்க வேண்டும். எனவே தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்து அதே எடையில் புதியது. கனமானது அல்ல.

அறிகுறி: 'டிக்' சத்தம், சுடவில்லை, பிரைமரில் லேசான குழி

முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது நொடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம், ஆனாலும் உண்டு. பிறகு தோட்டாவை இறக்குங்கள்.

ட்ரிக்கர் லேசாக வேண்டும் என்று யாராவது மெயின்ஸ்பிரிங்கை 23-லிருந்து 19, 17 என்று இறக்கியிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் கையாக வாங்கிய துப்பாக்கி என்றால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டியே எடுத்திருப்பார்கள், முனை கரடுமுரடாக இருப்பதைப் பார்த்தால் தெரியும். தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் பிராண்டும் முக்கியம். ஃபெடரல் பிரைமர் மென்மையானது, சிசிஐ கடினம். ஃபெடரலில் மட்டும் ஒழுங்காகச் சுடும் துப்பாக்கியில் மெயின்ஸ்பிரிங் விளிம்பில் நிற்கிறது என்றே கொள்ளலாம்.

மெயின்ஸ்பிரிங் புதியதாக இருந்தும் இது நடந்தால் பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளையில் காய்ந்த எண்ணெய்ப் பிசின் இருக்கும். சுத்தம் செய்யுங்கள், உள்ளே எண்ணெய் விடாதீர்கள்.

அப்படியே கழற்றும்போது ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். சின்னதாக, மலிவாக இருப்பதால் அதை யாரும் நினைப்பதே இல்லை. அது தளர்ந்தால் பின் திரும்பி வராமல் நீட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் இருக்கும் தகடு கீழே இறங்கி ஸ்லைடையே பூட்டிவிடும். அதைவிட முக்கியம், பழைய வகை 1911-களில் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் தனிப் பூட்டு கிடையாது. துப்பாக்கி முனை தரையில் படும்படி கீழே விழுந்தால் பின் முன்னால் பாயாமல் இழுத்துப் பிடிப்பது இந்த ஸ்பிரிங் ஒன்றுதான். கோல்ட் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த 80-ஆம் வரிசையில் பூட்டு உண்டு. எனவே ரிகாயில் ஸ்பிரிங்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

அறிகுறி: ஒரு முறை இழுத்தால் இரண்டு குண்டு போகிறது, அல்லது ஸ்லைடோடு ஹேமரும் இறங்கிவிடுகிறது

நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு மேகசின் பார்க்கலாம்' என்று நினைக்கவே வேண்டாம்.

மூன்று விரல் போன்ற தட்டை ஸ்பிரிங் ஒன்று கைப்பிடிக்குள் இருக்கிறது. இடது விரல் சியரையும் (ஹேமரைப் பிடித்து வைப்பது), நடு விரல் டிஸ்கனெக்டரையும் (ஒரு இழுப்புக்கு ஒரே குண்டு போகச் செய்வது) ட்ரிக்கரையும், வலது விரல் கிரிப் சேஃப்டியையும் (கைப்பிடியின் பின்பக்கப் பாதுகாப்புப் பூட்டு) தள்ளுகிறது. இடது விரல் தளர்ந்திருக்கலாம், சியர் முனை தேய்ந்தும் இருக்கலாம். எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதை வளைத்துச் சரிசெய்வது எப்படி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

கிரிப் சேஃப்டி மட்டும் சோம்பலாகத் திரும்புகிறது, மற்றதெல்லாம் சரி என்றாலும் இதே ஸ்பிரிங்தான். அதையும் அவரிடமே காட்டிவிடுங்கள்.

அறிகுறி: தோட்டா இருக்கும்போதே ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்கிறது, சேஃப்டி தொளதொளவென்று இருக்கிறது

இடது பக்கத்தில் சேஃப்டிக்கும் ஸ்லைடு ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பிளஞ்சர் குழாய்க்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங். இரண்டு லீவரையும் அதுதான் இடத்தில் நிறுத்துகிறது. அதன் நடுவில் ஒரு வளைவு இருக்கும், குழாயிலிருந்து பாய்ந்து ஓடாமல் இருக்க வேண்டுமென்றே வைத்தது. கோணலாக இருக்கிறதே என்று நிமிர்த்திவிடாதீர்கள். உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பைத் தொடுகிறதா என்றும் பாருங்கள், பாதிப் பேருக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

மற்றத் துப்பாக்கிகள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. சிஇசட் 75-இலும் பெரெட்டா 92-இலும் ட்ரிக்கரைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங். அது தளர்வதில்லை, ஒரு நாள் முறிகிறது. ட்ரிக்கர் பின்னாலேயே தொங்கினால் அதுதான். கிளாக்கில் ரிகாயில் ஸ்பிரிங் கம்பியோடு சேர்ந்த ஒரே துண்டு, அப்படியே மாற்ற வேண்டும். கே ஃபிரேம் போன்ற ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரில் ஹேமர் லேசாக அடித்தால் ஸ்பிரிங்கைக் குறைசொல்லும் முன் கைப்பிடியின் முன்பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெயின் ஸ்குரூவைப் பாருங்கள், அது தளர்ந்திருக்கும்.

தயாரிப்பு நின்றுபோன துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பிரவுனிங் ஹை-பவர் 1935-இலிருந்து வந்தது, இந்திய ராணுவத்துக்கு இஷாப்பூரில் செய்யும் 9 மி.மீ. பிஸ்டலும் அதன் வழிதான். 2018-இல் பிரவுனிங் அதை நிறுத்தியது. 2022-இல் எஃப்என் புதிதாகக் கொண்டுவந்த ஹை பவர் பெயரில்தான் ஒன்று, பழையதன் பாகங்கள் அதற்குப் பொருந்தாது. ஸ்பிரிங்காவது இன்னும் கிடைக்கும். எக்ஸ்ட்ராக்டர், சியர் மாதிரியானவை கண்ணில் பட்டால் விலை சரியாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

டப்பாவில் என்ன இருக்க வேண்டும்

என்னுடையதில் இருப்பது: நான் சுடும் எடையில் ரிகாயில் ஸ்பிரிங் இரண்டு, ஃபயரிங் பின் ஸ்பிரிங் இரண்டு, மெயின்ஸ்பிரிங் ஒன்று, பிளஞ்சர் குழாய் ஸ்பிரிங் ஒன்று, மேகசின் ஸ்பிரிங் மூன்று, என் துப்பாக்கிக்கே பொருத்திச் சரிபார்த்த எக்ஸ்ட்ராக்டர் ஒன்று, ஃபயரிங் பின் ஒன்று, ஒரு புஷ்ஷிங் சாவி. எக்ஸ்ட்ராக்டரைக் கடையில் வாங்கியபடியே போட்டு வைக்காதீர்கள், போட்டி நாளில் அதை வளைத்துப் பொருத்த நேரம் இருக்காது.

ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனிச் சின்னப் பையில், எடையை எழுதி. வெளியே எடுத்துவிட்டால் 14-க்கும் 16-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கம்பி கார்பன் எஃகு என்றால் ஒரு துளி எண்ணெய், துருப் புள்ளி விழுந்த இடத்தில்தான் பிற்பாடு முறியும். கழற்றிய பழையதைப் பத்திரமாக வைக்க வேண்டாம். இடுக்கியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். இல்லாவிட்டால் என்றாவது அவசரத்தில் அதுவே திரும்பத் துப்பாக்கிக்குள் போகும்.

துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். மாற்றிய தேதி, எடை, நூறு தோட்டாவுக்குப் பின் இருந்த நீளம், அதற்குப்பின் சுட்ட கணக்கு. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ஐம்பது, நூறு என்று கூட்டி எழுதுவேன். இப்போது அதில் 1,740 இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி, 180 தோட்டா. அது முடிந்து வந்ததும் மாற்ற வேண்டும்.